காதுக்கு ஒரு கமிட்டி

ஒலிக் காப்பகத்தில் கேட்பாளருக்குப் பாட்டுக் கேட்பதுதான் வேலை. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாணத்துக்கு முன் அவருடைய மாமனார், "அது சரி மாப்பிள்ளை, வேலை என்னன்னு சொல்லலியே" என்று மறுபடி மறுபடி கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியை அவர் வாபஸ் வாங்கவில்லை.

பதவியின் முழுப் பெயர் 'கேட்பாளர், இரண்டாம் நிலை'. எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒலிப்பதிவுகள் காப்பகத்தில் அலமாரி அலமாரியாக நிற்கும். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டு, இது இன்ன வகை இசை, இன்ன வாத்தியம், பதிவு உருப்படியாக இருக்கிறதா என்று எழுதி வைக்க வேண்டும். காலையில் வயலின். அப்புறம் படகோட்டிகள் பாட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் ஏதாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கோரஸ். சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் யாரோ யாருக்கோ பாடிய தாலாட்டு. அதில் தூங்கிப் போகாமல் தப்பித்தால் சாயந்திரம் மேளம்.

அவருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. சம்பளம் வாங்குகிற இடத்தில் இது ஒரு பலவீனம்.

ஒலிநாடாக்கள் கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும். குளிருக்கு ஏசி பிளாண்ட் வேண்டும். கட்டடத்திலேயே அமைதி தேவைப்படுகிற ஒரே அறையையும், அமைதி என்பதே இல்லாத ஒரே அறையையும் ஒரு பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துக் கட்டியிருந்தார் பொறியாளர். திறப்பு விழாவில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

கேட்கும் கூடத்தில் ஆபீஸ் கொடுத்த பெரிய ஹெட்போன்கள் மூன்று இருந்தன. காதை மூடுகிற மெத்தைகள் உதிர்ந்து, போட்டுக் கழற்றினால் கன்னமெல்லாம் கறுப்புத் தூள். மூக்குக் கண்ணாடிக் காம்பை அழுத்தி நெற்றிப்பொட்டில் குழி விழும். பிளாண்ட் சத்தமோ வழிகேட்காமல் உள்ளே வரும். வயலினைக் கேட்க வேண்டுமானால் பிளாண்டைவிட வயலின் சத்தமாக இருக்க வேண்டும். கேட்பாளர் ஒலிக் குமிழைத் திருகினார். நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் திருகினார்.

ஒரு நாள் வீட்டில் மகள் கதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மெல்லிய குரல். கேட்பாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா வாசிச்சே, கண்ணு" என்றார். குழந்தை இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை.

மனைவி மருந்துக் கடையில் விற்பனையாளர். வியாதியை விலைப்பட்டியலோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவள். மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வலது காது போக ஆரம்பித்துவிட்டது, போனது வராது, இப்படியே திருகிக்கொண்டிருந்தால் மிச்சமும் போய்விடும். முதலில் போவது மெல்லிய குரல்கள்தான் என்றார். காதுக்குள் செருகுகிற இயர்போனாக வாங்கச் சொன்னார். உறுத்தாமல் உட்கார வேண்டும், வெளிச்சத்தம் புகாமல் அடைக்க வேண்டும். வெளிச்சத்தம் வராவிட்டால் பாட்டை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

"ஆனா கடையில யார் சொல்றதையும் கேக்காதீங்க" என்றார் டாக்டர். "ஒவ்வொருத்தர் காதும் ஒவ்வொரு மாதிரி. ஒரே ஆளுக்கே இந்தக் காது மாதிரி அந்தக் காது இருக்காது. உங்க காதுல நீங்க போட்டுப் பாத்து எடுங்க."

வைத்தியம் இவ்வளவுதான். ஒரு சாயந்திரத்தில் முடிகிற காரியம். ஆனால், சொந்தக் கருவியை அலுவலக இயந்திரத்தோடு இணைக்கக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. எவரோ ஒருவர் எப்போதோ வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து செருகிச் சட்டை தேய்த்ததால் பிறந்த விதி. கேட்பாளர் இயக்குநரிடம் போய் நின்றார்.

இயக்குநர் மண்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அங்கே மண்ணைத் தொடாமல் பல வருஷம் பணிபுரிந்து நல்ல பெயர் எடுத்தவர். அவர் கேட்பாளர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். முகம் மலர்ந்தது. வந்த நாளிலிருந்து ஒரு கமிட்டி கூடப் போட வாய்ப்பில்லாமல் வாடிப் போயிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். "இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது."

அவசரப்படாமல் செவிக்கருவித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர். உறுப்பினர் கணக்கு அதிகாரி. இவர் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உறுப்பினர். மூன்றாமவர் வெளியிலிருந்து வந்த நிபுணர். ஒலிக்கருவிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர். வட்டாரத்தில் அவருக்குப் பெயரே தங்கக் காது. ஸ்பீக்கரின் ஒயர் மரத்தரையில் கிடக்கிறதா சிமெண்டுத் தரையில் கிடக்கிறதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்வார் என்று சொல்லிக்கொண்டார்கள். சரிபார்த்தவர் யாருமில்லை. என்ன பாட்டு விரும்பிக் கேட்பீர்கள் என்று கேட்பாளர் ஆசையாக விசாரித்தபோது தங்கக் காது முகத்தைச் சுளித்தார்.

"நான் பாட்டு கேக்குறதில்ல. கருவியைக் கேக்குறேன். பாட்டு நடுவுல வந்துட்டுப் போகும்."

குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா, காது தன்னுடையதாயிற்றே என்று கேட்பாளர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பந்தியில் யாரோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி மூவரும் தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள்.

கணக்கு அதிகாரிதான் விளக்கினார். "நீங்க பயனாளி. பயனாளி தேர்வுல உக்காந்தா அதுக்குப் பேரு சுயநலம். காலுக்குச் செருப்பு வாங்கறப்போ காலைக் கூப்பிட்டா அபிப்பிராயம் கேக்குறோம்?"

செருப்புக் கடைக்குக் கால்தானே போகிறது என்றார் கேட்பாளர்.

"அது தனியார் கடை" என்றார் இயக்குநர்.

பாட்டில் ஈடுபாடு இருக்கிறவர்களால் நடுநிலையாக இருக்க முடியாது என்பதும் அன்றே தீர்மானமாக எழுதப்பட்டது. எனவே மற்ற இரண்டு கேட்பாளர்களும் விலக்கப்பட்டார்கள். குழுவில் இசை கேட்கும் பழக்கமுள்ளவர் எவருமில்லை என்று இயக்குநர் மேலிடத்துக்குப் பெருமையுடன் தெரிவித்தார்.

கடைக்காரர் ஒருவர் மாதிரிக்கு ஐந்து ஜோடி அனுப்பி வைத்தார். கேட்பாளருக்கு இயக்குநர் அறை வாசலில் நிற்க அனுமதி கிடைத்தது. பெட்டியைத் திறக்க, ஒயரைச் சொருக, பிஸ்கட் தட்டை எடுத்துப்போக ஓர் ஆள் வேண்டுமே. கதவு பாதி திறந்திருந்ததால் பயனாளியால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

முதல் சோதனை: வெளிச்சத்தத்தை அடைக்கிறதா? இதைக் கேட்கும் கூடத்தில், பிளாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கேட்பாளர் வாசலிலிருந்தே சொன்னார். இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்க ஒரே சத்தமா இருக்குமேய்யா. அந்தச் சத்தத்துல எப்படி நிதானமா முடிவெடுக்கறது?"

ஆகவே பிளாண்டின் சத்தத்தைப் பதிவு செய்து இயக்குநரின் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கேட்பாளரே பதிவு செய்து கொண்டுவந்தார். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து அறைகளுக்குத் தொந்தரவு என்று அதை இயர்போன்களிலேயே போட்டார்கள். எந்த இயர்போனில் பிளாண்டின் சத்தம் குறைவாகக் கேட்கிறதோ அதுவே நன்றாக அடைக்கிறது என்று பொருள்.

கேட்பாளர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். வெளியிலிருந்து வருகிற சத்தம் வேறு, ஒயர் வழியாக உள்ளிருந்து வருகிற சத்தம் வேறு என்பதை எளிமையாகச் சொல்ல முயன்றார். சத்தம் சத்தம்தான், அதில் உள்ளே வெளியே என்று பாகுபாடு காட்ட அரசாங்கத்துக்கு உரிமையில்லை என்றார் கணக்கு அதிகாரி. தங்கக் காது ஒயரை விரலால் வருடிக்கொண்டிருந்தார்.

நான்கு ஜோடிகளில் பிளாண்டு இடிமாதிரி கேட்டது. அவை நல்ல இயர்போன்கள். அதனாலேயே அவற்றுக்குப் பூஜ்யம் விழுந்தது. ஐந்தாவது ஜோடியைச் செருகிய இயக்குநர் கண்ணை மூடினார். திறந்தார். "ஒண்ணுமே கேக்கலை" என்று பரவசமாகச் சொன்னார். நூற்றுக்கு நூறு.

இரண்டாம் சோதனை, சௌகரியம். உறுத்தாமல் எவ்வளவு நேரம் போட்டுக்கொண்டிருக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். பிளாண்டுப் பதிவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. விதிமுறையில் நிறுத்துவதற்கு இடமில்லை. முதல் நான்கையும் போட்டவர்கள் போட்ட வேகத்தில் பிடுங்கி எறிந்தார்கள். ஐந்தாவதைப் போட்ட கணக்கு அதிகாரி நாற்காலியில் சாய்ந்தவர், தேநீர் வந்து ஆறிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. இலேசாகக் குறட்டை கேட்டது. சௌகரியம் என்ற கட்டத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: பலவகை இசைக்கும் ஒத்து வருகிறதா? இது நிபுணருக்கான சோதனை. வயலின், மேளம், கோரஸ், பேண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டார் கேட்பாளர். முதல் இயர்போன் மேளத்துக்குச் சலுகை காட்டுகிறது என்றார் தங்கக் காது. அடுத்தது குரலைத் தூக்கிப் பிடிக்கிறது. மூன்றாவது பளபளப்பு, நான்காவது அழுக்கு. ஐந்தாவதைச் செருகினார். வயலின் போட்டாயிற்று. மேளம் போட்டாயிற்று. தங்கக் காது அசையவில்லை. புருவம் மட்டும் ஒரு முறை ஏறி இறங்கியது. எதிரே இரண்டு அதிகாரிகள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கான சன்மானக் கவர் மேஜை மேல் இருந்தது.

"இருட்டு" என்றார் கடைசியில். "பரிபூரணமான இருட்டு. எந்த வாத்தியத்துக்கும் பாரபட்சம் காட்டாம எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்குது. இப்படி ஒரு நேர்மையை நான் கேட்டதே இல்ல."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றார் இயக்குநர். "நீங்க சொல்லட்டும்னு காத்திருந்தேன்."

மறுநாள் காலையில் கடைக்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். ஒரு தப்பு நடந்துபோச்சு என்றார். ஐந்து பெட்டியில் ஒன்று, கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைக்கிற டம்மி. வெறும் கூடு. களவு போனாலும் நஷ்டமில்லாமல் இருக்க அப்படிச் செய்து வைப்பார்கள். நுனியில் ரப்பர் உண்டு, கீழே ஒயர் உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. ஐந்தாவது பெட்டியைக் கொடுத்துவிட்டால் நல்லதாக வேறு தருகிறேன் என்றார்.

வாசலில் நின்ற கேட்பாளருக்கு மூச்சு வந்தது. எல்லாம் இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தார். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அந்த ஆபீஸை அவர் புரிந்துகொண்டவர் இல்லை.

தங்கக் காதுதான் முதலில் சுதாரித்தார். "உள்ள ஒண்ணும் இல்லேங்கறதை ஏதோ குறை மாதிரி சொல்றீங்களே. அதைத்தானே நாங்க ஒரு நாள் பூரா அளந்திருக்கோம்."

விற்கிற பொருளின் அருமை விற்கிறவனுக்குத் தெரியாது என்று வருத்தப்பட்டார் இயக்குநர். தீர்மானம் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி அந்த இயர்போனே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது என்றார் கணக்கு அதிகாரி. ஆண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைத் தீர்க்க வேண்டியிருப்பதால் அறுபது ஜோடி வேண்டும்.

கடைக்காரர் அந்த அறைக்குள் நேர்மையோடுதான் வந்தார். அறுபது என்ற எண் அதற்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"கேரண்டியும் தரேன் ஐயா" என்றார். "ரிப்பேரே ஆகாது."

ரிப்பன் வெட்டி விழா நடந்தது. "இதுவரைக்கும் வந்த இயர்போன் எல்லாம் பாட்டுக்குத்தான் முக்கியத்துவம் குடுத்துச்சு" என்று இயக்குநர் பேசினார். "காதுக்கு ஒரு அமைதி வேணுமேன்னு எவனாவது நினைச்சானா? நாங்க நினைச்சோம்." மூன்று கேட்பாளர்களுக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி தரப்பட்டது. மிச்சம் ஐம்பத்தேழையும் பாதுகாக்க ஒரு பீரோ வாங்கினார்கள். பீரோவுக்குத் தனிக் கமிட்டி.

கேட்பாளர் அவற்றைச் செருகி ஒரு நாடாவைப் போட்டார். நாடா சுற்றுவது தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. பக்கத்து மேஜையில் சீனியர் கேட்பாளரான அக்கா தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தாளத்துக்குத் தலையசைப்பதுபோல அசைத்தபடி மளமளவென்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் காதிலிருந்து அதைக் கழற்றும்வரை காத்திருந்து, உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டார் கேட்பாளர்.

"கேக்குதுன்னு சொல்லிட்டுப் பேசாம இருடா, தம்பி" என்றார் அக்கா. "டப்பா மேல படம் போட்டிருப்பான். படகு போட்டிருந்தா படகுப் பாட்டு. இது வந்ததுலேர்ந்து எனக்குத் தலைவலியே இல்ல தெரியுமா."

குழந்தை படம் போட்ட பழைய பிஸ்கட் டப்பாவில் வந்த பேண்டு வாத்தியம் ஒன்று அன்று தாலாட்டாகப் பதிவானது.

கேட்பாளர் புகார் கொடுத்தார். இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை, அப்பா பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். 'எல்லா வகை இசையும் தெளிவாகக் கேட்கிறது' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மற்ற இருவரும் கொடுத்தாயிற்று. மனைவியும் அன்று ராத்திரி அதையேதான் சொன்னாள். "எழுதிக் குடுத்துட்டு வந்து சும்மா உக்காருங்க. இருக்கிற காதாவது மிஞ்சும்."

"அப்போ அந்தப் பாட்டெல்லாம்?"

மனைவி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, "நான் உங்க காதைப் பத்திப் பேசறேன், நீங்க அவங்க பாட்டைப் பத்திப் பேசறீங்க" என்றாள்.

எழுதிக் கொடுப்பது என்றுதான் கேட்பாளர் மறுநாள் போனார். காகிதம் தயாராக இருந்தது. 'தெளிவாக' என்ற வார்த்தை வரை எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. அது வீரம் இல்லை. வருஷக்கணக்காக, கேட்டதை மட்டுமே எழுதிப் பழகிய கை. "கேக்கலைங்க ஐயா" என்று பேனாவைக் கீழே வைத்தார்.

கருவி தேர்வானது; குழு தீர்மானித்தது; நிபுணர் சான்று கொடுத்துவிட்டார். அது கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்க முடியும்? கேட்பாளர் மருத்துவக் குழுவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கேயும் அலுவலக விதிதான். அங்கீகரிக்கப்பட்ட இயர்போனைத்தான் சோதனை இயந்திரத்தில் செருக வேண்டும். செருகினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கேட்பாளர் கையைத் தூக்கவே இல்லை.

"நான் பேசறது கேக்குதா?" என்றார் மருத்துவக் குழுத் தலைவர், இயர்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு.

"நல்லாக் கேக்குது, டாக்டர்."

தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். மெஷினில் கேட்காத ஆளுக்கு மனிதக் குரல் எப்படிக் கேட்கும்? உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்றார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு பேரைக் கேட்டார். கேட்பாளர் பளிச்சென்று சொன்னார். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரி இருந்தது. 'கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்தே உதட்டசைவைப் படிக்கும் அளவுக்கு முற்றிய நிலை' என்று எழுதி, இரு காதும் முழுமையாகக் கேளாது எனச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

சான்றிதழில் இயக்குநர் மேலொப்பம் இட்டார். கேட்பாளரை அருகில் உட்காரவைத்து ஆறுதல் சொன்னார். அவருக்குப் புரியட்டும் என்று வாயை அகல அகலத் திறந்து பேசினார். "இதுக்கெல்லாம் மனசு விட்டுடக் கூடாது. இங்க வந்ததுலேர்ந்து நான் ஒரு பாட்டு கேட்டதில்ல. எனக்கு ஏதாவது குறைஞ்சு போச்சா?"

இரைச்சலில் வேலை பார்ப்பவர்களின் காது கெடுகிறது என்று பிளாண்டு அறை ஊழியர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். கெடுவதற்குக் காதே இல்லாத ஓர் ஆள் கிடைத்தது இரண்டு பிரச்சினைகளுக்கும் ஒரே தீர்வாக அமைந்தது. கேட்பாளர் ஏசி பிளாண்டுக்கு மாற்றப்பட்டார்.

பிளாண்டு ஆபரேட்டர் பொறுப்பை ஒப்படைத்தபோது, இதுல ஒண்ணும் பெரிய வேலை இல்ல என்றார். மெஷின் அடிக்கடி தானாக நின்றுவிடும். நின்றால் பெல் அடிக்கும். பெல் அடித்தால் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். கேட்பாளர் சான்றிதழைக் காட்டினார். ஆபரேட்டர் அதை இரண்டு தடவை படித்தார். "அப்போ உங்களுக்கு அந்த வேலையும் இல்ல" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் கேட்பாளர் வீட்டுக்கு வந்தபோது காதுக்குள் பிளாண்டு ஓடிக்கொண்டே இருந்தது. மகள் ஏதோ கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோதுதான் அவள் பேசுகிறாள் என்பதே தெரிந்தது. மனைவி கைப்பையை எடுத்தாள்.

"அந்த ரூம்ல பாட்டு மெஷின் எதுவும் கிடையாதுல்ல?"

கிடையாது.

"அப்போ சொந்தக் கருவியை எதோட இணைக்கக் கூடாதுன்னு எவன் சொல்லுவான்? கிளம்புங்க."

கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பின்னால் கொஞ்சம் சிறுத்துப் போனார். இருக்கிறதில் நல்லதையெல்லாம் எடுத்து முன்னால் பரப்பினார். கேட்பாளர் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். நுனி ரப்பர் பல அளவில் இருந்தது. இடது காதுக்கு நடுத்தர அளவு பொருந்தியது, வலது காதுக்குப் பெரியதுதான் நின்றது. ஒரு ஜோடி நன்றாக ஒலித்தது, ஆனால் ஒயர் காதை இழுத்தது. இன்னொன்று பஞ்சுபோல இருந்தது, தெருச்சத்தம் அப்படியே உள்ளே வந்தது. பஸ்ஸும் லாரியும் போகிற கடை வாசலில் போய் நின்று, தன் போனிலிருந்து வயலினும் மேளமும் கோரஸும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றில், எதிரே போன லாரி வெறும் படமாகப் போனது. மேளம் மேளமாக இருந்தது, குரல் குரலாக இருந்தது. பாட்டை ஏற்றாமலே எல்லாம் கேட்டது.

பக்கத்தில் மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. கழற்றிவிட்டு, என்ன சொன்னே என்றார்.

"ஒண்ணுமில்ல. உங்க அம்மாவைப் பத்திக் கொஞ்சம் சொன்னேன். நல்லாத்தான் அடைக்குது, வாங்கிடுங்க."

கமிட்டிக்கு அரை வருஷம் ஆன காரியம், ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

பிளாண்டு அறையில் கேட்பாளர் அதைப் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். பெல்லுக்காக ஒரு காதை மட்டும் திறந்து வைத்திருந்தார். அடித்தது, பச்சைப் பட்டனை அமுக்கினார். திறந்து வைத்த இடது காதுதான் நல்ல காது, அதையும் பிளாண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கணக்கு அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரு காதும் கேளாதவர் எனச் சான்று பெற்ற ஊழியர், பெல் அடித்தவுடன் பட்டனை அமுக்குவது எங்ஙனம்? பெல்லைக் கேட்டது உண்மையானால் மருத்துவக் குழுவை ஏமாற்றிய குற்றமாகும். இனி ஒருமுறை கேட்டதாகத் தெரிந்தால் பணி நீக்கம். கீழே இயக்குநரின் கையெழுத்து.

கேட்பாளர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். இரண்டு காதையும் நன்றாக அடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. ஒரு பிற்பகலில் பிளாண்டு நின்றது. பெல் அடித்திருக்க வேண்டும். கேட்பாளர் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து, தன் போனில், ஏதோ ஒரு கரையில் பெண்கள் வலை இழுத்துக்கொண்டு பாடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் பின்வரிசையில் ஒருத்தி மட்டும் எப்போதும் அரை அடி பிந்திப் பாடுகிறாள். இரைச்சலில் இத்தனை நாளும் அது அவர் காதுக்குப் பட்டதே இல்லை.

மேலே இயக்குநரின் அறையில் ஜன்னல்கள் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் கோட்டைக் கழற்றினார். பிறகு டையை. பிறகு உதவியாளரை அனுப்பினார். உதவியாளர் கீழே வந்து கத்திவிட்டு, பயனில்லை என்று திரும்பிப் போனார். பட்டனை வேறு யாரும் தொடக் கூடாது என்பது விதி. கடைசியில் இயக்குநரே இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பச்சைப் பட்டனைக் காட்டினார். கூரையைக் காட்டினார். தன் நெற்றியைக் காட்டினார். வாயை அகல அகலத் திறந்து நெடுநேரம் பேசினார்.

கேட்பாளர் மரியாதையாக எழுந்து நின்றார். பாட்டு முடியும்வரை அவர் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சான்றிதழையும் விளக்கக் கடிதத்தையும் எடுத்து இயக்குநர் கையில் கொடுத்தார்.

"எழுத்துல குடுங்க ஐயா" என்றார். "எனக்குக் காது கேக்காது."

இயக்குநர் பேனாவைத் தேடினார். பேனா கோட்டில் இருந்தது, கோட்டு மாடியில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தார். சான்றிதழின் பின்பக்கத்திலேயே, வியர்வை சொட்டச் சொட்ட, 'பச்சைப் பட்டனை உடனே அழுத்தவும்' என்று எழுதி நீட்டினார். கேட்பாளர் அதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"தேதி போடலையே" என்றார்.

இயக்குநர் தேதி போட்டார்.

"முத்திரை?" என்று கேட்டார் கேட்பாளர், கொஞ்சம் சத்தமாகவே. காது கேளாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.